சோளப் பீரும் 'மார்க்கெட் முடிவும்'

தம்பி மகன் சென்னையில் கம்பெனிகளுக்குச் சந்தை நிலவரம் சொல்லும் வேலையில் இருக்கிறான். போன வாரம் ஊருக்கு வந்தவன், ஆப்பிரிக்கச் சோளப் பீர் வியாபாரம் பற்றிய ஓர் அறிக்கையை மடிக்கணினியில் காட்டினான். "பெரியப்பா, நீங்க இருந்த ஊர் சமாச்சாரம்தான். வீட்ல காய்ச்சறது குறையுது, கம்பெனி பீர் கூடுது. மார்க்கெட் முடிவு பண்ணிருச்சு" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இரண்டு நாளாகச் செரிக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எழுபதுகளின் கடைசியில் ஜாம்பியாவில் செம்புச் சுரங்க ஊர் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் அம்மாள் வீட்டில் பீர் காய்ச்சுவார். 'பமாயோ' என்று கூப்பிடுவோம். பெம்பா மொழியில் அம்மா. சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, இடித்து, கூழாகக் காய்ச்சிப் புளிக்க விடுவார். கரிசல் காட்டில் இருங்குச்சோளம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வாசனை அந்நியமாகத் தெரியவில்லை. நம் வீட்டுப் பழைய கூழ் வாசனைதான். நாலைந்து நாளுக்குள் தீர்த்தாக வேண்டும், அதற்குமேல் தாங்காது. அந்தக் காசில்தான் அவர் மகனுக்கு நோட்டும் சீருடையும். அவன் என் வகுப்புப் பையன்.

ஒருநாள் காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து, அனுமதி இல்லாத சரக்கு என்று பானைகளைத் தெருவில் கவிழ்த்தார்கள். அடுத்த வாரம் பையன் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பானைகளைக் கவிழ்த்தது மார்க்கெட்டா?

இந்த வழக்கம் நெடுங்காலமாக நடப்பது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1908-இல் ஒரு சட்டம் போட்டார்கள். சோளப் பீர் காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமையை நகராட்சிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. டர்பன் நகராட்சி உடனே எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிய ஜூலு பெண்கள் நகரத்துக்குள் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்களுடைய சரக்கையே நகராட்சி தன் பீர் ஹாலில் விற்றது. அந்த லாபத்தில்தான் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கொட்டடிகள் கட்டினார்கள், அவர்களை அடக்கி ஆளும் துறையையும் நடத்தினார்கள். அவர்கள் குடித்த காசிலேயே அவர்களுக்கு விலங்கு! 'டர்பன் முறை' என்று பெயர் வைத்து மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின.

ஜனங்கள் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 1929-இல் டர்பன் பீர் ஹால்களைப் புறக்கணித்தார்கள், கலவரம் மூண்டது. 1959-இல் கேட்டோ மேனரில் பெண்கள் கம்போடு பீர் ஹாலுக்குள் புகுந்து ஆண்களை விரட்டினார்கள். (அந்தக் கேட்டோ மேனரில் ஒரு காலத்தில் இந்தியத் தோட்டக்காரர்களின் நிலம் நிறைய இருந்தது. அவர்களில் நம் தமிழர்களும் உண்டு.) 1976-இல் சொவெட்டோ மாணவர்கள் எழுந்தபோதும் பீர் ஹால்கள் தீக்கிரையாயின. அறிக்கை எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

பிறகு நடந்ததையும் கேளுங்கள். 1990-இல் அரசுப் பீர் ஆலைகளைத் தனியாருக்கு மாற்றி 'நேஷனல் சார்கம் புரூவரீஸ்' என்றார்கள். பின்னால் அந்தத் தொழில் நம் பெங்களூர் விஜய் மல்லையா கைக்குப் போனது. 2015-க்குள் முழுவதும் லண்டன் டியாஜியோ கைக்கு. 2020-இல் ஜிம்பாப்வேயின் டெல்டா கம்பெனிக்கு. இத்தனை கை மாறியதில் காய்ச்சத் தெரிந்த பெண்ணின் கைக்கு மட்டும் அது திரும்பவே இல்லை.

வரியின் கதை தனி. உகாண்டாவில் உள்ளூர்ச் சோளத்தில் செய்த 'ஈகிள்' பீருக்கு அரசு கலால் வரியைக் குறைத்தது. விலை இறங்கியது, விற்பனை ஏறியது, சோளம் போட்ட விவசாயியும் பிழைத்தான். தென்னாப்பிரிக்காவில் 2018-இல் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதம் ஆக்கியபோது, மக்காச்சோள மாவுக்கு வரி கிடையாது, சோள மாவுக்கு உண்டு. ஒன்றைத் தூக்கிவிட்டு ஒன்றை அமுக்கிவிட்டு, தராசு தானாகச் சாய்ந்தது என்றால் எப்படி?

நான் ஆலைக்கு எதிரி அல்ல. 'சிபுக்கு' அட்டைப் பெட்டியை 'ஷேக் ஷேக்' என்று குலுக்கிக் குடித்த சுரங்கத் தொழிலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமும் ஒரே பதமும் ஆலையின் பலம். வீட்டுச் சரக்கில் கண்டதைக் கலந்து விற்றவர்களும் உண்டு. குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், எங்கள் உறவிலேயே பார்த்துவிட்டேன். ஆனால் கலப்படம் செய்கிறவனைப் பிடிப்பது வேறு, காய்ச்சுகிறவர்கள் எல்லோரையும் ஒழிப்பது வேறு. சோளப் பீரில் சாராயச் சத்து மூன்று சதவீதம் அளவில்தான். அதை விரட்டினால் அந்த இடத்தில் பால் வந்து உட்காராது. ஜாம்பியாவில் பாக்கெட்டில் அடைத்த கடுஞ்சாராயம் வந்து உட்கார்ந்தது. 'துஜிலிஜிலி' என்ற அதை 2012-இல் அரசே தடை செய்ய வேண்டியதாயிற்று.

நமக்கு இது புரியாத விஷயமா? 1987 முதல் இங்கே கள் இறக்கினால் வழக்கு. 2003 முதல் சீமைச் சரக்கை அரசே கடை போட்டு விற்கிறது. பனையேறி மரத்தை விட்டு இறங்கியதும் மார்க்கெட் முடிவுதான் என்று நாளைக்கு ஒருவன் அறிக்கை எழுதினால் நம்புவோமா?

தம்பி மகனிடம் ஒன்றுதான் கேட்டேன். "பில் போட்ட பாட்டிலை எண்ணிட்ட. பில் போடாத பானையை எப்படிப்பா எண்ணின?" சிரித்தான். பதில் இல்லை. கெட்டிக்காரப் பையன், யோசிப்பான்.

சின்ன அளவில் காய்ச்சுகிறவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உரிமம், சுத்தத்துக்கு ஒரு சோதனை, சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒரே வரி. இவ்வளவையும் செய்துவிட்டு, அதற்கப்புறமும் ஜனங்கள் பாட்டிலைத்தான் எடுத்தால், மார்க்கெட் முடிவு செய்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூலு வீடுகளில் ஒரு மரியாதை உண்டு. மண்கலத்தில் பீரை வைத்ததும், கொடுக்கிற வீட்டார் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுவார்கள், இதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று. பமாயோவும் அப்படித்தான், முதல் கிண்ணம் தனக்கு, பிறகுதான் வாடிக்கைக்கு. சட்டம் போட்டவர்களும் ஆலையை வாங்கி விற்றவர்களும் அந்த முதல் வாயை என்றைக்காவது குடித்துக் காட்டியிருக்கிறார்களா?