‘ரத்தத்திலேயே ஊறியது’ என்று பாராட்டாதீர்கள்

சில வாரங்களுக்கு முன்பு, நண்பர்கள் கூடியிருந்த ஓர் அறையில் சார்லி பார்க்கரின் ‘கோ-கோ’வை ஒலிக்கவிட்டேன். மூன்று நிமிடம்கூட ஓடாத ஜாஸ் பதிவு அது. முடிந்ததும் ஒரு தோழர், “யப்பா, இதெல்லாம் கத்துக்கிட்டு வர்றதில்ல. இவங்களுக்கு ரத்தத்துலயே ஊறினது” என்றார். இன்னொருவர் உடனே திருத்தினார்: “ரத்தம் இல்ல தோழர், வலி. நானூறு வருச வலி.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீடு திரும்பும்போதுதான் அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்தத் தொடங்கியது.

முதல் தோழர் சொன்னது பிற்போக்கு, இரண்டாமவர் சொன்னது முற்போக்கு என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அந்த மனிதர் யோசித்தார் என்பதை இரண்டுமே மறைக்கின்றன.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1945 நவம்பர் 26, நியூயார்க். பார்க்கருக்கு வயது 25. கையில் ஆல்டோ சாக்ஸபோன். ‘செரோக்கி’ என்றொரு பாடல் அப்போது பிரபலம். ரே நோபல் என்ற ஆங்கிலேயர் 1938இல் எழுதியது. பார்க்கர் அந்தப் பாடலின் மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அதற்கு அடியில் ஓடும் கார்டுகளின் வரிசையை மட்டும் வைத்துக்கொள்கிறார். கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அடுக்கு. அடுக்கு மாறும்போதெல்லாம் வாசிப்பவரின் கணக்கும் மாற வேண்டும். ‘செரோக்கி’யின் நடுப்பகுதியில் பாடல் சுருதி விட்டுச் சுருதி தாவிக்கொண்டே போகும் என்பதால், அந்தக் காலத்து இசைக்கலைஞர்கள் பலர் அந்தப் பகுதிக்குப் பயந்தார்கள். பார்க்கர் அதை நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 தட்டு வேகத்தில் வாசிக்கிறார். 64 பார் கொண்ட சுற்று ஒன்று. அது முடிந்ததும் மூச்சு வாங்காமல் இன்னொரு சுற்று. மொத்தம் 128 பார். எதிரே தாளும் இல்லை, எழுதிவைத்த சுரமும் இல்லை. பின்னால் டிரம்ஸில் மாக்ஸ் ரோச் துரத்திக்கொண்டே வருகிறார்.

இரண்டாம் சுற்றின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அங்கே ‘ஹை சொசைட்டி’ என்ற பழைய நியூ ஆர்லியன்ஸ் அணிவகுப்புப் பாடலின் கிளாரினெட் பகுதியை எடுத்து, தன் வேகத்துக்கு ஏற்ப வளைத்துப் போடுகிறார். அல்ஃபோன்ஸ் பிக்கூ என்ற கலைஞரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பகுதி அது. தனக்கு முந்தைய தலைமுறையை, ஒரு நொடியும் தாமதிக்காமல், சரியான கார்டின் மேல் மேற்கோள் காட்டுகிறார். நாங்கள் ஆய்வேட்டில் ஒரு மேற்கோளைச் சரியான இடத்தில் பொருத்த ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். இதற்குப் பெயர் ரத்தமா?

பார்க்கர் பிறக்கும்போதே இப்படி வாசிக்கவில்லை. 1936இல் கான்சஸ் சிட்டியில், 16 வயது நிறையாத பையனாக ஒரு மேடையில் ஏறி, நடுவில் தடுமாறிப்போனார். டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். ‘இறங்கு’ என்று அதற்கு அர்த்தம். அவமானத்தோடு வெளியேறிய பையன், அடுத்த ஆண்டு கோடையில் ஓசார்க் மலைப் பகுதியில் ஒரு குழுவோடு தங்கி வாசித்தபோது, லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, அவருடைய தனி வாசிப்புகளைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்தார். 1954இல் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான பால் டெஸ்மண்ட் வானொலியில் அவரைப் பேட்டி கண்டார். மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்கு 11 முதல் 15 மணி நேரம் பயிற்சி செய்ததாகவும், தொல்லை தாங்காமல் அக்கம்பக்கத்தினர் தன் அம்மாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்குப் போனதாகவும் அதில் பார்க்கரே சொல்கிறார். தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். நாம்தான் காதில் வாங்குவதில்லை.

ஏன் வாங்குவதில்லை? இந்தப் பாராட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் நூற்றுக்கணக்கான அடிமைகளின் சொந்தக்காரர். 1780களில் வர்ஜீனியா மாநிலத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில், கருப்பர்களுக்கு மெட்டும் தாளமும் பிடிபடும் காது வெள்ளையர்களைவிட நன்றாக அமைந்திருக்கிறது என்று பாராட்டுகிறார். அதே மூச்சில், விரிவான மெட்டையோ சிக்கலான ஒத்திசையையோ அவர்களால் இயற்ற முடியுமா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்கிறார். பகுத்தறிவில் அவர்கள் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதுகிறார். காதைக் கொடுத்துவிட்டு மூளையைப் பறித்துக்கொள்ளும் பாராட்டு இது. 1940களில் ஜாஸின் பெரிய காதலராக அறியப்பட்ட பிரெஞ்சு விமர்சகர் ஹ்யூக் பானாசியே, இசையில் ஆதி மனிதனுக்கே திறமை அதிகம், படிப்பு கூடினால் ஊற்று வற்றிவிடும் என்று எழுதினார். பார்க்கர் தலைமுறையின் பீபாப் வந்தபோது, இது ஜாஸே இல்லை என்று ஒதுக்கியவரும் அவர்தான். யோசிக்காத கருப்பனைத்தான் அவர் நேசித்தார். கருப்பன் யோசிப்பது காதில் விழுந்ததும் நேசம் தீர்ந்துவிட்டது.

‘இயல்பான திறமை’ என்று சொல்லிவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. உழைப்பு என்றால் கூலி கொடுக்க வேண்டும், உரிமை கொடுக்க வேண்டும். அருவிக்கு யார் கூலி கொடுப்பார்கள்? நியூயார்க் இரவு விடுதிகளில் வாசிக்க அந்த நாட்களில் ‘கேபரே கார்டு’ என்ற அனுமதி அட்டை தேவை. அதைக் கொடுப்பதும் பறிப்பதும் போலீஸ் கையில் இருந்தது. 1951இல் பார்க்கரின் அட்டை பறிக்கப்பட்டது. பிறவி மேதை என்று உலகம் கொண்டாடிய ஒருவருக்கு, அவர் வாழ்ந்த நகரத்தில் வேலை செய்யும் உரிமை இல்லாமல் போனது. 1955 மார்ச்சில் 34 வயதில் அவர் இறந்தபோது, உடலைப் பார்த்த மருத்துவர் வயதை ஐம்பதுக்கு மேல் கணித்தார்.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். “அப்படியானால் வலியே இல்லையா தோழர்?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. யார் மறுத்தார்கள்? அமிரி பராக்கா 1964இல் எழுதிய ‘டச்மேன்’ நாடகத்தில் ஒரு பாத்திரம், பார்க்கர் தெருவில் இறங்கி வெள்ளையர்களைக் கொல்ல முடிந்திருந்தால் ஒரு சுரம்கூட வாசித்திருக்க மாட்டார் என்ற பொருளில் வெடிக்கும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இனவெறியின் தழும்பு இல்லாத ஜாஸ் கிடையாது. ஆனால் வலி கார்டுகளைக் கற்றுத்தராது. அதே வலியோடு வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களில் ‘கோ-கோ’வை வாசித்தவர் ஒருவர். மற்றவர்கள் குறைவாக வலித்தவர்களா? ஹெராயின்தான் அவரை அப்படி வாசிக்க வைத்தது என்று நம்பி இளம் கலைஞர்கள் பலர் ஊசியை எடுத்துச் சீரழிந்தார்கள். போதையில் நன்றாக வாசிப்பதாகச் சொல்பவன் பொய்யன் என்று பார்க்கரே சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. ரத்தம், வலி, போதை என்று எதைச் சொன்னாலும் சரி, அறிவு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? சொல்கிறேன். ஒரு கருத்தரங்கில் பஞ்சமி நிலம் பற்றிக் கட்டுரை வாசித்தேன். ஓராண்டுக்கும் மேல் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, கோப்பு கோப்பாகப் படித்து எழுதியது. தலைமை வகித்த பேராசிரியர் கண்கலங்கி, “இது இதயத்திலிருந்து வந்த கட்டுரை. வாழ்ந்த அனுபவத்தின் வலி” என்றார். அரங்கம் கைதட்டியது. அடுத்து வாசித்தவரிடம் முறையியல் பற்றி நான்கு கேள்விகள் கேட்டார்கள். என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. மறுப்பதற்கு அங்கே ஒரு வாதம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பார்ப்பனருக்கும் அனுபவம் சூத்திரருக்கும் தலித்துகளுக்கும் என்று பிரித்து வைக்கப்பட்டிருப்பதை கோபால் குரு 2002இலேயே எழுதிவிட்டார். அன்று நான் அதைக் கைதட்டலாகக் கேட்டேன்.

நம் ஊர் மேடைகளையே பாருங்கள். சபாவில் ஒருவர் கற்பனாசுரம் பாடினால் ‘என்ன ஞானம்!’ என்கிறார்கள். பறைக்கலைஞர் ஓர் அடியிலிருந்து இன்னொரு அடிக்குக் கணக்குப் பிசகாமல் மாறினால் ‘ரத்தத்துல ஊறினது’ என்கிறார்கள். அடிகளுக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு, கற்றுக்கொடுக்கும் ஆசான் உண்டு. அந்த ஆசானின் பெயரை யாரும் கேட்பதில்லை. பிறப்பால் அறிவு என்பது பார்ப்பனியம். பிறப்பால் தாளம் என்பதும் அதன் மறுபக்கம்தான். ஒன்றை எதிர்த்துக்கொண்டே மற்றொன்றுக்குக் கைதட்ட முடியாது.

வியக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘கோ-கோ’ கேட்கும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. இரண்டாம் சுற்றில் என்ன செய்கிறார் என்று ஓரளவு தெரிந்த பிறகு அந்த வியப்பு கூடத்தான் செய்தது. அடுத்த முறை பார்க்கரைக் கேட்டாலும் பறையைக் கேட்டாலும், ஒரு தோழரின் கட்டுரையைக் கேட்டாலும், கண்கலங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எப்படிச் செய்தீர்கள்? யாரிடம் கற்றீர்கள்? எந்த இடம் கடினமாக இருந்தது? பதில் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.

அந்த அறைத் தோழர்களை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறேன். ‘செரோக்கி’யை முதலில் போடுவேன். பிறகு ‘கோ-கோ’. இந்த முறை தலையாட்டப் போவதில்லை.