அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரிந்ததாகுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயசு 64. வீட்டுக்காரருக்கு 71. நாலரை ஏக்கர் தோட்டம். அதுல மூணு ஏக்கர் மாமனார் வழியில வந்தது, ஒண்ணரை ஏக்கர் நாங்க பாடுபட்டு வாங்கினது. ஒரு கிணறு, ரெண்டு மாடு. பெரிய பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறான். சின்னவன் எங்ககூடத்தான் இருக்கான். ஆனா போன தை மாசத்துல இருந்து தனி அடுப்பு வெச்சுட்டாங்க. ஒரே வாசல், ரெண்டு சமையல். மாமனார் காலத்துல பதினாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு இது. எங்க வளர்ப்புல என்ன குறைன்னு தெரியலை. 'சண்டை வர்றதுக்கு முந்தி ரெண்டு பசங்க பேருக்கும் எழுதி வெச்சுடலாம், பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே'ங்கிறார் வீட்டுக்காரர். ஆனா எனக்கு முட்டி வலின்னா பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அவதான். மனசு ஒப்பலை. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, வளர்ப்பில் குறையா என்பது. இன்னொன்று, நிலத்தை எழுதலாமா என்பது. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவது சுலபமாகும்.

பதினாலு பேர் வீடு எல்லோருக்கும் இருந்ததா?

அந்தக் காலத்தில் எல்லோரும் கூட்டுக்குடும்பமாகத்தான் இருந்தார்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஏ.எம்.ஷா என்ற சமூகவியலாளர் குஜராத்தில் ஒரு கிராமத்தின் 1825-ஆம் ஆண்டுக் கணக்கேட்டை எடுத்துவைத்து, வீடு வீடாக ஆராய்ந்தார். அப்போதே சின்னக் குடும்பங்கள் நிறைய இருந்ததை அதில் கண்டார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சுதந்திரம் வந்த சமயத்தில்கூட நம் நாட்டின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. பேரன் பேத்தியோடு பல வருடம் சேர்ந்து வாழும் கொடுப்பினை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? நிலம் அதிகம் இருந்த வீடுகளில் ஆள் தேவைப்பட்டது, சேர்ந்து இருந்தார்கள். கூலிக்குப் போன வீடுகளில் கல்யாணமானதும் தனிக் குடிசை போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு சமூகவியலாளர், ஐ.பி.தேசாய், குஜராத்தில் மகுவா என்ற ஊரில் குடும்பங்களை ஆராய்ந்தார். தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட அண்ணன் தம்பிகள் பலர், சொத்தையும் கடனையும் நல்லது கெட்டதையும் சேர்ந்தே பார்த்துக்கொண்டதைக் கவனித்தார். ஒரு கூரை, ஒரு அடுப்பு என்பதை மட்டும் வைத்துக் குடும்பத்தை அளக்கக் கூடாது என்பது அவர் சொன்ன பாடம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பமாக எழுதிக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வாசலில் இப்போது இரண்டு குடும்பங்கள். ஆனால், சின்ன மருமகள் காய்ச்சல் என்று படுத்தால் பேரப்பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுகிறீர்கள்? மாடு கன்று போடும் ராத்திரி யார் எழுந்து வருகிறார்? அந்தக் கணக்கில் இன்னும் ஒரே குடும்பம்தான்.

மாறியது எது?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நாலரை ஏக்கரை நம்பி இரண்டு மகன்களின் குடும்பமும் நீங்களும் பிழைக்க முடியாது என்பதால்தான் பெரியவர் திருப்பூருக்குப் போனார். சம்பளம் தனித்தனியாக வர ஆரம்பித்த வீட்டில் செலவும் தனியாகத்தான் போகும். இதில் வளர்ப்பின் குறை ஏதுமில்லை.

உண்மையில் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. பெரியவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். முன்பு ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து சில வருடம் பார்த்ததை, இப்போது இரண்டு மூன்று பேர் பதினைந்து இருபது வருடம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் மகளையும் சேர்த்துத்தான் பாரம் இறங்குகிறது. உங்கள் முட்டி வலிக்கு வருவது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

நிலத்தை எழுதுவதற்கு முன்

மாமனார் வழி வந்த மூன்று ஏக்கர் பூர்வீகக் கூட்டுச் சொத்தாக இருந்தால், அதில் மகளுக்கும் மகன்களுக்குச் சமமான உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்தச் சட்டம் வந்தது. ஆனால், அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. பிறப்பிலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைகளை மட்டும் இது தொடாது. நகை போட்டுவிட்டோம் என்பதால் இந்த உரிமை போய்விடாது. மகளை விட்டுவிட்டு எழுதினால், வராத சண்டையை நாமே அழைத்துவந்தது போலாகும்.

நீங்கள் வாங்கிய ஒன்றரை ஏக்கர் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் விருப்பப்படி யாருக்கும் கொடுக்கலாம். அவசரப்பட வேண்டாம். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். தானமாகவோ செட்டில்மென்டாகவோ பதிவு செய்துவிட்டால், பிறகு மனம் மாறினாலும் நினைத்த மாதிரி ரத்து செய்ய முடியாது. அப்படித்தான் கொடுப்பது என்றால், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இந்த நிபந்தனையை வைத்துத்தான் கைகொடுக்கும். பராமரிக்காமல் விட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை இந்தச் சட்டம் மகன், மகள் இருவர்மேலும் வைக்கிறது. கடமையில் மகளுக்குப் பங்கு இருக்கும்போது காட்டில் பங்கு இல்லை என்பது எப்படிச் சரியாகும்?

இன்னும் ஒன்று. சிட்டாவில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் இல்லாமல் போனால், பி.எம்.கிசான் வருடம் 6,000 ரூபாயும் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனும் அவருக்குக் கிடைக்காது. 71 வயதில் கையில் சொந்தமாக நாலு காசு இல்லாமல் போவது பெரிய வேதனை.

பூர்வீகம் எது, சொந்தச் சம்பாத்தியம் எது என்பதை மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வைத்து வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச ஆலோசனை உண்டு. நீங்களே போகலாம்.

கிணற்றுக்கு வைத்த முறை

அடுத்து எல்லோரும் ஒன்றாக வரும் நாளில் மூன்று பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். மருமகள்களையும் மருமகனையும் விட்டுவிடாதீர்கள். நாளைக்குப் பத்தியச் சோறு ஆக்கப்போவதும் வண்டி எடுக்கப்போவதும் அவர்கள்தான். நிலத்தைப் பற்றிப் பேசும்போது வண்டித்தடம் யாருக்கு, கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எத்தனை நாள், மின் இணைப்பு யார் பெயரில் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிச் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

எந்த ஊரிலும் பங்கு பிரிக்கும்போது கிணற்றைத் துண்டு போடுவதில்லை. பொதுவில் வைத்து, முறை போட்டுக்கொள்கிறோம். உங்கள் இருவரையும் கவனிப்பதற்கும் அப்படி ஒரு முறை வேண்டும். மருந்துச் செலவு யார், ஆஸ்பத்திரிக்கு யார், விதைப்பு அறுப்பு நேரத்தில் மாட்டுக்கு யார் என்று அன்றைக்கே வாய்விட்டுப் பேசி முடியுங்கள். கேட்காமலே செய்வார்கள் என்று பெற்றோர் காத்திருப்பதும், கேட்கவே இல்லையே என்று பிள்ளைகள் நினைப்பதும்தான் பல வீடுகளில் மனக்கசப்பாக முடிகிறது.

சின்ன மருமகள் தனியாகச் சமைக்கட்டும். ஒரு கிண்ணம் குழம்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தால் போதும். பேசி முடித்த பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள் அம்மா. இதே கவலையோடு இருக்கும் மற்ற வாசகர்களும் தங்கள் வீட்டில் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று எழுதலாம்.