பீரோவுக்குள் பெய்யும் சாரல்

மாணவ நண்பர்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு பீரோவில் காகிதங்கள் வைத்திருக்கும் தட்டைத் திறந்து, ஒருமுறை நன்றாக முகர்ந்து பாருங்கள். ஈர மண்ணும் பழைய துணியும் கலந்தது போல ஒரு வாடை வருகிறதா? அப்படியானால் அங்கே பூஞ்சை குடியேறிவிட்டது என்று பொருள்.

எங்கள் ஊர் தென்காசி. குற்றாலத்துக்குச் சீசன் பார்க்க வருகிறவர்கள், "ஆகா, என்ன சாரல்!" என்று வியந்துவிட்டு நான்கு நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனி, ஆடி முழுவதும் அந்தச் சாரலோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் நாங்கள். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் கணவாய் ஒன்று உண்டு. அதன் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஈரத்தைச் சுமந்துகொண்டு நேரே எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் மோதுகிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் பீரோ இருந்தது.

2012ஆம் ஆண்டு ஆனியில் என் தந்தையார் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் பெற அப்பாவின் ஓய்வூதியப் புத்தகம் வேண்டியிருந்தது. மூன்று நாள் தேடினோம். பழைய மின்கட்டண ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், என்னுடைய எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு பாலிதீன் உறைக்குள் புத்தகம் கிடைத்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிட்டிருந்தன. பிரித்துப் பார்த்தால் மை பரவி, எண்ணில் இரண்டு இலக்கங்கள் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. அதைச் சரிசெய்து முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை அம்மா கையில் பணம் இல்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அதே வாரம் கல்லூரியில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் 'பனிநிலை'. கரும்பலகையில் எழுதத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டு பீரோவில் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 28 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் ஏறத்தாழ 27 கிராம் நீராவி இருக்க முடியும். 24 டிகிரியில் ஏறத்தாழ 22 கிராம்தான். சாரல் நாளில் அறையின் வெப்பநிலை 28 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது காற்றில் உள்ள நீராவி சுமார் 22 கிராம். இந்தக் காற்று, நனைந்து குளிர்ந்த சுவரை ஒட்டிய இரும்புத் தகட்டில் பட்டு வெறும் 4 டிகிரி குளிர்ந்தால் போதும், பனிநிலையை எட்டிவிடும். பீரோவின் உட்புறம் வியர்க்கத் தொடங்கும். கதவைப் பூட்டிவிட்டோம், மழை உள்ளே வராது என்று நாம் நினைக்கிறோம்; மழை நீராவியாக ஏற்கெனவே உள்ளே போய்விட்டது!

துளி விழ வேண்டும் என்பதுகூட இல்லை. காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஈரமான இழைகளின் இடைவெளிகளில் நுண்புழை விளைவால் பேனா மை பரவுகிறது. பிறகு இராமபாணப் பூச்சியும் கரையானும் வந்து சேருகின்றன. பாலிதீன் உறை காக்கும் என்று நம்பினால், சாரல் நாளில் உறையைக் கட்டுவது ஈரக் காற்றையும் சேர்த்துக் கட்டுவதாகும். நாங்கள் செய்தது அதைத்தான். பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும். ஈரத்தை ஒன்றும் செய்யாது.

ஆகவே முதல் வேலை, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது. வெளிச்சுவரை ஒட்டாமல் உட்சுவர்ப் பக்கம் வைத்தால் இன்னும் நல்லது. இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது தேடும் துன்பம். பத்தே பத்துக் காகிதங்கள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். அவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம்? 36,28,800 விதமாக. விநாடிக்கு ஒரு அடுக்கு என்று ஊண் உறக்கமின்றி அடுக்கினால் சரியாக 42 நாள் ஆகும். இத்தனை அடுக்குகளில் தேதி வரிசைப்படி அமைந்தது ஒன்றே ஒன்று. கவனமில்லாமல் எடுத்து வைத்தால் அந்த ஒன்று அமையும் வாய்ப்பு எவ்வளவு சிறியது என்று நீங்களே பாருங்கள். வியன்னாவில் போல்ட்ஸ்மனின் கல்லறையில் பொறித்திருக்கும் என்ட்ரோபிச் சமன்பாடும் இப்படி 'எத்தனை விதம்' என்று எண்ணுவதைப் பற்றியதுதான். (வாயு மூலக்கூறுகள் தாமாக ஓடிக் கலைகின்றன. காகிதங்களைக் கலைப்பவர்கள் நாம். இயற்பியலின்மேல் பழி போடாதீர்கள்.)

வரிசையாக அடுக்கிவிட்டாலோ நிலைமை தலைகீழ். ஆயிரம் காகிதங்களின் நடுவே திறந்து, 'நமக்கு வேண்டியது இதற்கு முன்னா, பின்னா?' என்று கேட்டுப் பாதியை ஒதுக்குங்கள். மீதியிலும் அப்படியே. பத்துத் தடவைக்குள் கைக்கு வந்துவிடும். கலைந்த குவியலில் சராசரியாக ஐந்நூறு காகிதங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். அம்மா நான்கு மாதம் காத்திருந்தது போக, நாங்கள் மூன்று நாள் தேடியதற்கும் இதுதான் காரணம்.

"எதற்கு இந்தக் கஷ்டம்? போகியன்று கொளுத்திவிட்டால் வீடு சுத்தமாகிவிடுமே" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் என்றோர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி அங்கே போனார். வரகுணராம பாண்டியரின் ஏடுகள் கோயிலுக்கு வந்து சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனவருக்குக் கிடைத்த செய்தி, குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்பது. 'என் சரித்திரம்' நூலில் அவர் இதை எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எரிக்கவில்லை. இடத்தைச் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரானவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல்களையும் இதழ்களையும் மட்டுமா சேர்த்தார்? பிறர் தூக்கி எறியும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் விடவில்லை. 1992இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நீங்கள் எல்லாரும் ரோஜா முத்தையா ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதற்கு இடம் ஏது? ஆனால் படித்துப் பார்க்காமல் எதையும் எறியாதீர்கள் என்பேன். தாத்தா எழுதிய கடிதத்துக்கும் போன மாதத்துத் துணிக்கடை விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு, பிரித்துப் படித்தவருக்குத்தான் தெரியும். வீட்டில் அந்த வேலைக்கு ஏற்ற ஆள் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைதான். எழுத்து புரியும், கண் நன்றாகத் தெரியும், எதன்மேலும் அளவுக்கு மிஞ்சிய பாசம் இருக்காது.

மின்கட்டண ரசீதுகளை எறியுமுன் யூனிட் எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டு எண்கள் இருந்தால் அருமையான வரைபடம் கிடைக்கும். கோடையில் மின்விசிறி எவ்வளவு தின்கிறது என்று தெரியும். கடையில் இப்போது தரும் வழவழப்பான ரசீதில் மையே கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு அது. வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் வெளுத்துப்போகும். இரண்டு ஆண்டு உத்தரவாதம் உள்ள மிக்ஸியின் ரசீது ஓராண்டில் வெள்ளைத் தாளாகிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றுக்கு 2015இல் வந்த டிஜிலாக்கர் நல்ல துணை. பாட்டனார் காலத்து வீட்டுப் பத்திரத்துக்கு அது உதவாது. பத்திரம் பதிவானதாக இருந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அதற்கும் பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால்தான் வேலை எளிது. அவற்றை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பழைய பேப்பர் கடைக்குப் போடுவதிலும் கவனம் வேண்டும். ஒருமுறை குற்றாலத்தில் எனக்குப் பஜ்ஜி மடித்துத் தந்த தாள், யாரோ ஒருவருடைய ஆதார் அட்டையின் நகல்! பெயர், முகவரி, எண் எல்லாம் தெளிவாக இருந்தன. பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

எங்கள் வீட்டில் இப்போது மாசி மாதத்து ஞாயிறு ஒன்றைக் காகித நாளாக வைத்திருக்கிறோம். காற்று உலர்ந்திருக்கும் மாதம் அது. எல்லாவற்றையும் எடுத்து, வெயில் நேரே படாத திண்ணையில் பரப்பி உலர்த்துகிறோம். நேர் வெயில் காகிதத்தை மஞ்சளாக்கும். உலர்ந்ததும் வரிசையாக அடுக்கிக் காகித உறைகளில் போடுகிறோம். உறையின்மேல் என்ன, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுகிறவர் அம்மா. பென்சில் எழுத்து ஈரத்தில் பரவாது.