மோட்டார் எரிவதற்கு வயர் காரணமா?

'சர்வீஸ் போர்டிலிருந்து 200 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றில் 1.5 ஹெச்.பி சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார் வைத்திருக்கிறோம். ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது. கிணற்றடியில் 225 வோல்ட் வருகிறது என்கிறார் எலெக்ட்ரீஷியன். மோட்டார்தான் மட்டமா?'
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

மோட்டாரைக் குறை சொல்லும் முன், அவர் அளந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள். நிறுத்தி வைத்து அளந்திருந்தால், அந்த 225 வோல்ட்டை நம்ப முடியாது.

சொட்டுநீர்க் குழாயில் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால், கடைசி முனையிலும் அழுத்தம் முழுதாக இருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் கடைசிச் செடிக்கு அழுத்தம் குறைவது தெரியும். வயரும் அப்படித்தான். கரன்ட் ஓடினால்தான் வோல்டேஜ் இறங்கும்.

1845-ம் ஆண்டில் குஸ்தாவ் கிர்க்காஃப் என்ற 21 வயது ஜெர்மானிய மாணவர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒரு சுற்றில் கிடைக்கும் வோல்டேஜும், அந்தச் சுற்றில் ஆங்காங்கே செலவாகும் வோல்டேஜும் சமம். அதாவது, போகிற வயரும் திரும்புகிற வயரும் எடுத்துக்கொண்டது போக மீதிதான் மோட்டாருக்கு.

வயர் என்ன சைஸ் என்று நீங்கள் எழுதவில்லை. 2.5 சதுர மி.மீ தாமிர வயர் என்று வைத்துக்கொள்வோம். போக 200, வர 200, ஆக 400 மீட்டருக்குச் சுமார் 3 ஓம் மின்தடை. மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 30 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு 195 தான். கிளம்பும்போது கரன்ட் பல மடங்கு என்பதால் வோல்டேஜ் இன்னும் சரியும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் சூடேறும். வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டும் குறையும் என்று நினைக்க வேண்டாம். அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும். இதற்கு நடுவே 300 வாட் வீணாக வயரைச் சூடாக்குகிறது.

மோட்டார் ஓடும்போதே போர்டிலும் கிணற்றடியிலும் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 10, 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரை மாற்றுவதே வழி. 6 சதுர மி.மீ தாமிரம் போட்டால் இழப்பு சுமார் 12 வோல்ட். அலுமினியம் என்றால் 10 சதுர மி.மீ வேண்டும். நடுவில் முறுக்கிக் கட்டிய ஜாயின்ட் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கிணற்றடியில் ஸ்டெபிலைசர் வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது அதே மெல்லிய வயரிலிருந்து இன்னும் அதிகக் கரன்ட்டை இழுக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஓர் இடத்துக்குள் வரும் கரன்ட் அத்தனையும் வெளியேறியாக வேண்டும் என்பது கிர்க்காஃபின் மற்றொரு விதி. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டால் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால், கரன்ட் வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது. ஈர வரப்பில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அது உயிர் ஆபத்து. ஆர்.சி.சி.பி இந்த வித்தியாசத்தைக் கண்டுதான் லைனைத் துண்டிக்கிறது. போர்டில் 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று பொருத்துங்கள். அது அடிக்கடி விழுந்தால் கழற்றி எறியாதீர்கள். வயர் எங்கே உரிந்திருக்கிறது என்று தேடுங்கள். இந்த அளவீடுகளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனே செய்யட்டும்.