பேஸ் கிதாருக்குப் பெரிய பெட்டி எதற்கு? சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறார்!

சென்னை,

இரவு மணி 10-30. மாடியில் இருந்து பாட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் 'கிண் கிண்' என்று ஆடுகிறது. கட்டில் அதிர்கிறது. தூங்கிய குழந்தை வீரிட்டு அழுகிறது. என்ன ஏது என்று விசாரித்தால், மாடி வீட்டு வாலிபர் பேஸ் கிதார் பழகுகிறார்!

மறுநாள் காலை மாடிப்படியில் வாய்ச்சண்டை. "உங்க பையனுக்கு ராத்திரியிலதான் பாட்டு வருமா?" என்று கீழ்வீட்டு அம்மாள் கேட்க, பதிலுக்கு இவர்கள் நாலு வார்த்தை சொல்ல, சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் வந்து "காலி பண்ணுங்க" என்கிறார். முற்றினால் போலீஸ் நிலையம்தான்.

பழியை எல்லாம் வாலிபர் தலையில் போடுவது நியாயம் இல்லை. பாட்டுப் பழகுவது பாவமா? இளையராஜா பாட்டிலும் ஏ.ஆர்.ரகுமான் பாட்டிலும் அடியில் ஓடும் அந்தக் கனத்த தந்தி ஒலியைக் கேட்டு மயங்காதவர் யார்? அதை வாசிக்க ஆசைப்படுகிற பையன் கெட்ட பையன் அல்ல. தகராறு தொடங்குவது அவன் வாங்கி வந்த ஆம்ப்ளிபயர் பெட்டியில்!

சுவர் தாண்டும் சத்தம்

கல்யாண ஊர்வலம் தெருக்கோடியில் வரும்போது, ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் முதலில் காதில் விழுவது எது? பெரிய டிரம்மின் 'டம் டம்'தான். கிளாரினெட் பிறகுதான் கேட்கும். மெல்லிய குரலைச் சுவர் தடுக்கும். கனத்த குரலை அவ்வளவு சுலபமாகத் தடுக்காது.

பேஸ் கிதாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 27 அடி. குடியிருப்பதோ 10 அடி அறையில்! செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் சேர்ந்து அதிர்ந்து அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

சிலர் சுவரில் முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும் ஒட்டுகிறார்கள். காசுக்குக் கேடு. அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும். கனத்த ஒலி வெளியே போவது நிற்காது.

வாட்ஸ் மயக்கம்

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். அரிசி மூட்டை வாங்குவது போல, அதிகம் இருந்தால் லாபம் என்று நினைப்பு. கணக்கு அப்படி இல்லை. 20 வாட்ஸ் பெட்டிக்குப் பதில் 40 வாட்ஸ் வாங்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு, அதாவது 200 வாட்ஸ் வேண்டும்! வீட்டில் 20 வாட்ஸையே பாதி திருப்ப முடியாது.

"பெரியதை வாங்கிச் சின்னதாக வைத்து வாசிச்சா போச்சு" என்பார்கள். வாசிக்கலாம். ஆனால் வாசிக்காத சத்தத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். 15 அங்குல ஸ்பீக்கர் அடிக்குரலைத் தாராளமாகத் தள்ளும். அது அப்படியே கீழ்வீட்டுக்குப் போகும். திருகு கையருகில் இருந்தால், திருப்பாமல் இருக்கிற வயதா அது?

வீட்டுக்கு 8 அங்குல ஸ்பீக்கர், 20 முதல் 30 வாட்ஸ் போதும். கம்பெனிக்காரர்களே இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள். பெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் கிரஷ் பேஸ் 25, ஆம்பெக் 30 வாட்ஸ் ராக்கெட் எல்லாமே 8 அங்குலம்தான். டிரம்சோடு சேர்ந்து மேடையில் வாசிக்க இது காணாது, உண்மை. அதற்கு ஒத்திகை ஸ்டுடியோவில் பெட்டி இருக்கும். கச்சேரிக்கு வாடகைக்கும் எடுக்கலாம்.

வீட்டில் கிடக்கிற சாதாரண கிதார் பெட்டியில் பேஸை மாட்டலாமா? மெதுவாக வைத்தால் பரவாயில்லை. சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்துபோகும்.

கடையில் செய்ய வேண்டியது

ஹெட்போன் துளை இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் வாயை மூடுகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். செல்போன் பாட்டைச் சேர்த்துப் போட்டு வாசிக்க ஒரு துளை இருந்தால் பயிற்சிக்கு நல்லது.

சத்தமாக வைத்தால் கடையில் எல்லாப் பெட்டியும் ஜோராகத்தான் இருக்கும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவுக்குக் குறைத்து, தடித்த தந்தியை மீட்டிப் பாருங்கள். அப்போதும் சுரம் தெளிவாக இருந்தால் அதுதான் வீட்டுக்கு ஏற்ற பெட்டி. பழைய சாமான் என்றால் திருகுகளைத் திருப்பும்போது 'கரகர' சத்தம் வருகிறதா, ஸ்பீக்கர் அடைத்தாற்போல உறுமுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

உயிர் விஷயம்

கிதார் தந்தி, பெட்டியின் எர்த்தோடு சேர்ந்தது. பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகும் வழக்கம் உண்டு. இது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது! இங்கிலாந்தின் பிரபல 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ப், 1976 மே மாதம் தன் சொந்த வீட்டில் மின்சார கிதார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். பெட்டி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. சொந்தப் பெட்டியாகவே இருந்தாலும் எல்லைச் சுவரில் இந்த அளவுக்கு மேல் 5 டெசிபலைத் தாண்டக் கூடாது. தன் வீடே ஆனாலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் சத்தம் எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2005 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அளவுமுறை மனிதக் காதின் கணக்கை ஒட்டியது. அடிக்குரலை மிகக் குறைத்தே எண்ணும். மீட்டர் சும்மா இருக்கும், கட்டில் மட்டும் ஆடும்! ஆகவே மீட்டரை நம்புவதை விட மனிதத்தனத்தை நம்புவது மேல்.

பெட்டியைத் தரையில் வைக்காமல், மடித்த போர்வை போட்ட நாற்காலியில் வைத்தால் அதிர்வு குறையும். அறை மூலையில் வைத்தால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும். பொதுச் சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். இரவு 10 அடித்தால் ஹெட்போன். அதையும் காது அடைக்கிற அளவுக்கு வைத்து மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்கும் முன், "தனி வீடா, பிளாட்டா தம்பி?" என்று கேளுங்கள். சின்னப் பெட்டி விற்றால் லாபம் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரு மாதத்தில் பெட்டியை அட்டையோடு திருப்பிக் கொண்டுவந்து நிற்கும் தகப்பனாரைச் சமாளிக்க வேண்டியிருக்காது.

அக்கம்பக்கத்தாரும் போலீசுக்குப் போன் போடும் முன் ஒரு தடவை கதவைத் தட்டிச் சொல்லிப் பார்க்கலாம். தன் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பது பல நேரம் வாசிப்பவனுக்கே தெரிவதில்லை.

வாலிபர் செய்ய வேண்டியது அதை விடச் சுலபம். பெட்டி வாங்கக் கிளம்பும் முன் கீழ்வீட்டுக்குப் போய், "எத்தனை மணிக்குத் தூங்குவீங்க, மாமி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்குக் காசா, பணமா?