அறுக்காமல் விட்ட கதிர்

(விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

சென்ற பருவத்தில் எங்கள் துறை மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. "வனவுயிர்களுக்காகப் பயிரிடுதல் வீண் செலவே" என்பது தலைப்பு. மறுத்துப் பேச எழுந்தவன் நான். இங்கிலாந்தில் உழவர் சிலர் வயலின் ஒரு மூலையில் தானியம் விதைத்து, அதை அறுக்காமலே குளிர்காலம் முழுவதும் பறவைகளுக்கு விட்டுவிடுகிறார்கள் என்றும், அதற்காக அரசு அவர்களுக்குப் பணம் கொடுத்து வந்திருக்கிறது என்றும் சொன்னேன். உடனே பின் வரிசையிலிருந்து நண்பர் ஒருவர் எழுந்தார். "மனிதனுக்கே கஞ்சி இல்லாத உலகத்தில் குருவிக்கு வயலா?" என்றார். ஒரே கைதட்டல். அது அடங்குமுன் மணியும் அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாமற்போன விடையை ஆண்டு மலரின் இந்தப் பக்கங்களில் சொல்ல விழைகின்றேன்.

முதலில் அந்த நாட்டுக் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் நமக்கு அது எளிதில் விளங்காது. டிசம்பரில் தென் இங்கிலாந்தில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரந்தான். எஞ்சிய பதினாறு மணி நேரமும் இருளே. இருபத்தைந்து கிராம் எடைகொண்ட ஒரு சிறு பறவை, அந்த எட்டு மணி நேரத்தில் தின்றதைக் கொண்டுதான் பதினாறு மணி நேரம் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள வேண்டும். ஓர் இரவிலேயே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைந்துபோவதும் உண்டு. புழு பூச்சிகள் அருகிவிட்ட காலம் அது. விதை தின்னும் பறவைக்கு மண்மேல் கிடக்கும் மணிகளே உயிர்.

அந்த மணிகளை முன்னாளில் யாரும் பறவைகளுக்கென்று போடவில்லை. பார்லியை இளவேனிலில் விதைத்தார்கள். ஆகஸ்டு வாக்கில் அறுத்தார்கள். அடுத்த விதைப்பு மார்ச்சில்தான். இடையில் ஆறேழு மாதம் வயல் அறுத்த தாளோடு சும்மா கிடந்தது. சிந்திய தானியமும், தாள்களுக்கிடையே தலைதூக்கிய களைகளின் விதையும் பறவைகளின் பங்காயின. பிறகு, இலையுதிர் காலத்திலேயே விதைக்கும் கோதுமையும் பார்லியும் பெருகின. அறுத்த சில வாரங்களில் வயலை உழுதுவிட்டார்கள். களைக்கொல்லி களைகளை ஒழித்தது. பறவையைக் கொல்ல வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் 1970ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் பிரிட்டனின் வயல்வெளிப் பறவைகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. வேலிப் புதர்கள் அழிந்ததும் பூச்சியினங்கள் குறைந்ததும் இதற்குக் காரணங்களே. பட்டினி ஒன்றே காரணம் என்று வாதிட மாட்டேன்.

(நம் தஞ்சைப் பக்கத்தில் குறுவை அறுத்த தாள் காயுமுன் அதிலேயே நடுகிற பயிருக்குத் 'தாளடி' என்று பெயர். நிலத்தைச் சும்மா விடாத உழவனை நானும் நன்கறிவேன். என் தந்தையே அப்படிப்பட்டவர்தாம்.)

டெவன் மாவட்டத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'சிர்ல் பண்டிங்' என்றொரு பறவை. மஞ்சள் முகமும் கறுத்த தொண்டையும் கொண்டது. ஒருகாலத்தில் தென் இங்கிலாந்து முழுவதும் பரவியிருந்த இந்த இனம், 1989இல் எண்ணிப் பார்த்தபோது 118 இணைகள் மட்டுமே எஞ்சியிருந்தது. அவையும் பெரும்பாலும் தெற்கு டெவனிலேயே ஒடுங்கியிருந்தன. குளிர்காலத்தில் இவை எங்கே இரை தேடுகின்றன என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். களை மண்டிய பார்லித் தாள் வயல்களில்தான் பெரும்பாலும் கண்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பறவை வலசை போவதில்லை. கோடையில் கூடு கட்டிய இடத்திலிருந்து குளிர்காலத்திலும் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் திரிகிறது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு களஞ்சியமே கொட்டிக் கிடந்தாலும் இதற்கு அது இல்லாத மாதிரிதான்.

எனவே பண்ணை பண்ணையாகப் போய்ப் பேச வேண்டியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் வந்த அரசுத் திட்டமொன்றின் கீழ், இளவேனிற் பார்லி விதைத்து, களைக்கொல்லியைக் குறைத்து, அறுத்த தாளை மார்ச்சு வரை உழாமல் விடும் உழவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. கோடையில் குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி கிடைக்கும்படி கரடான புல்வெளியையும், கூட்டுக்கு அடர்ந்த வேலிப் புதரையும் காத்தார்கள். 2016இல் மீண்டும் எண்ணியபோது 1,078 இணைகள்! அறிவியல் மாணவனுக்குப் புள்ளிவிவரத்தைக் கண்டு கண்ணில் நீர் வரக்கூடாதுதான், எனக்கு வந்தது.

தாளை விடுவதோடு நில்லாமல், பறவைக்கென்றே விதைக்கும் பாத்திகளும் பின்னர்ப் பெருகின. பார்லி, ஓட்ஸ், கடுகு, ஆளி, சூரியகாந்தி, கீனோவா எல்லாம் கலந்து விதைக்கிறார்கள். கலவை சிலவற்றில் நம் பனிவரகும் உண்டு என்று படித்தபோது, நம் ஊரில் நாம் கைவிட்ட தானியத்தை அயல்நாட்டுக் குருவி தின்கிறதே என்று தோன்றியது. கேல் என்னும் கோசு வகை இரண்டாம் ஆண்டில்தான் விதை தரும். அதனால் பாத்தியையும் இரண்டாண்டு கலைக்காமல் வைத்திருப்பார்கள்.

இதிலும் குறையுண்டு. சனவரி முடியுமுன் பாத்தி வெறுமையாகிவிடுவதுண்டு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புதிய விதையும் இல்லை, பூச்சியும் இல்லை. பசி மிகக் கொடியது அப்போதுதான். ஆகவே அந்த மாதங்களில் உழவர்கள் தானியத்தைக் கொண்டுபோய் வயலில் இறைக்கவும் திட்டத்தில் இடம் செய்தார்கள். ஆக, பயிர் மட்டுமே போதும் என்ற என் வாதம் முழுமையானதன்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

ஆனால் வயலில் பரவலாக இறைப்பதற்கும் ஓரிடத்தில் குவிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதே நாட்டில் வீட்டுத் தோட்டங்களில் கூண்டு கட்டித் தொங்கவிட்டுப் பறவைகளுக்கு விதை வைப்பது பெரிய வழக்கம். புறாக்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த ஓர் ஒட்டுண்ணி நோய், 2005 அளவில் 'கிரீன்பிஞ்ச்' என்னும் பசுமஞ்சள் பறவைகளையும் பற்றிக்கொண்டது. தொண்டை வீங்கி, விழுங்க முடியாமல் மடியும் நோய் அது. எச்சிலால் பரவுவது, பல பறவைகள் ஒரே தட்டில் கூடித் தின்னும் இடம் அதற்கு வாய்ப்பாயிற்று. பாதிக்கும் மேல் குறைந்துபோன அந்த இனம், 2021இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அன்போடு வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் பொதுப்பணம் செலவாகுமென்றால், அது தொங்கும் தட்டுக்கல்ல, பல பண்ணைகளில் சிதறிக் கிடக்கும் பாத்திகளுக்கே செல்ல வேண்டும் என்பது என் துணிபு.

இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. இப்பாத்திகளின் மூதாதை, வேட்டைக்காரர்கள் ஃபெசன்ட் பறவைகளை ஓரிடத்தில் நிறுத்த விதைத்த பயிரே. அமெரிக்காவிலோ மானைத் துப்பாக்கிக் குறிக்குள் வரவழைக்கப் பலர் இப்படி விதைக்கிறார்கள். விதை ஒன்றுதான், தூண்டிலில் இருந்தால் அதன் பெயர் வேறு.

இனி நண்பரின் கஞ்சிக்கு வருவோம். பிரிட்டனில் பயன்படும் கோதுமையில் ஏறத்தாழப் பாதி கால்நடைத் தீவனமாகிறது. பறவைக்கு ஒதுக்குவதோ பெரும்பாலும் மர நிழல் விழும், கோணலான, விளைச்சல் குறைந்த மூலைகள். ஏழையின் கலயத்திலிருந்து அந்த மூலை எதையும் எடுக்கவில்லை. எனக்குள்ள அச்சம் வேறு. அரசு இழப்பீட்டை நிறுத்திவிட்டால் அடுத்த இலையுதிர் காலமே தாளை உழுதுவிடுவார்கள். இரண்டு கிலோமீட்டரைத் தாண்டாத பறவை அப்போது எங்கே போகும்?

அவர்கள் திட்டத்தை அப்படியே இங்கே நடவேண்டும் என்று நான் கூறவில்லை. நம் பறவைகளுக்கு உறைபனி இல்லை. நமக்கு வேறொரு வழக்கம் இருந்தது. என் அப்பாயி தை அறுவடையில் நல்ல கதிர்களைத் தாளோடு சேர்த்துக் குஞ்சமாகப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவார். சிட்டுகள் வந்து கொத்தும். இப்போது இயந்திரம் அறுத்த கையோடு மணியைப் பிரித்துவிடுவதால், குஞ்சம் கட்டக் கதிரே வீட்டுக்கு வருவதில்லை. இந்தத் தையில் வாய்க்கால் ஓரத்து மூலையை மட்டும் இயந்திரத்துக்கு விடாமல் வைக்குமாறு அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.