எலும்பு ஊரிலேயே இருக்கட்டும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் ஊருக்குப் போக, டவுன்ஸ்வில் கடற்கரையிலிருந்து மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் காய்ந்த புல்வெளியைக் கடக்க வேண்டும். அங்கே இருப்பது கடல்வாழ் புதைபடிவங்களுக்கான அருங்காட்சியகம், குரோனோசாரஸ் கார்னர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் புல்வெளி கடலடித் தரை. 1989இல் அக்கம்பக்கத்து மாட்டுப்பண்ணையில் கிடைத்த பிளையோசார் என்ற கடல் ஊர்வன விலங்கின் எலும்புக்கூடு, நாலு மீட்டருக்கு மேல், ஏறக்குறைய முழுசாக அருங்காட்சியகத்திலேயே கிடத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நீண்ட தாடை, துடுப்புக் கால்களின் சிறுசிறு எலும்புகள்கூட வரிசை குலையாமல்! ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த இன்னொரு கடல் விலங்கான குரோனோசாரஸ்? வாசலில் வாய் பிளந்து நிற்பது வெறும் மாதிரி உருவம். ரிச்மண்டுக்கு வடக்கே தோண்டிய குரோனோசாரஸின் பெரிய எலும்புக்கூட்டை 1930களில் ஹார்வர்டு ஆட்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். காணாத பகுதிகளை பிளாஸ்டரால் நிரப்பி நிறுத்தினார்கள். நீளம் கூடிப்போய் 'பிளாஸ்டரோசாரஸ்' என்று கேலிப் பெயரும் வந்தது. எனக்கென்னவோ கிடைத்த மண்ணில் பார்த்தால்தான் எலும்பு பேசும். போகிறவர்கள் ஊருக்கு வெளியே உள்ள தோண்டுகுழிகளையும் விட்டுவிடாதீர்கள். கிடைத்ததை அருங்காட்சியகத்தில் காட்டினால் என்னவென்று சொல்வார்கள்.